தாய்மாமன் பெட்டி

சிட்டம்மாளுக்கு வாய் மட்டும் கொஞ்சம் சின்னதாக வாய்த்திருந்தால் அவள் மருமகள் தமிழ்ச்செல்வி அந்த ஆறு வருஷமும் வயிறாரச் சாப்பிட்டிருப்பாள். மருமகள் தட்டில் கையை வைக்கும்போதுதான் கிழவிக்கு மகன் ஞாபகம் வரும். அவன் அங்கே களி தின்கிறானோ கல்லைத் தின்கிறானோ, இங்கே அவன் மாமியார் வீட்டுக்காரர்கள் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்கிறார்கள் என்று ஆரம்பிப்பாள். வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டத்தையே சொன்னாலும் அந்த வகையில் அங்கே இருந்தது தமிழ்ச்செல்வி ஒருத்திதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அதற்கும் ஒரு பாட்டு உண்டு. அதனால் அவள் எழுந்திருக்காமல் தின்று முடிக்கப் பழகியிருந்தாள்.

வினோத்குமார் சிட்டம்மாளின் ஒரே மகன். மலேசியாவில் கட்டட வேலை. தமிழ்ச்செல்வியின் அண்ணன் தாண்டவராயனும் அப்போது அங்கேதான் இருந்தான். மச்சானுக்கு விசா ஏற்பாடு பண்ணி அழைத்துக்கொண்டவனே அவன்தான். மகள் திவ்யா வயசுக்கு வந்த சேதி போனதும் வினோத்குமார் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டான். தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை. மச்சான் கையிலேயே சீரைக் கொடுத்துவிட்டிருக்கிறார், சபையில் அவர் பெயரைச் சொல்லி வையுங்கள் என்று தாண்டவராயன் பெண்டாட்டி பூங்காவனம் போன் போட்டுச் சொன்னாள். உத்திரமேரூரில் மண்டபம் பேசியாயிற்று, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. வினோத்குமார் ஏர்போர்ட்டைத் தாண்டவில்லை. அவன் தள்ளிக்கொண்டு வந்த சிவப்புப் பெட்டியின் அடித்தட்டைப் பிளந்தவர்கள் அதற்குள்ளிருந்து போதைப் பவுடர் பொட்டலங்களை எடுத்தார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு முறை இருக்கிறது. தாய்மாமன் சீரை யார் சுமந்து வந்தாலும் வழியில் திறந்து பார்க்கக்கூடாது. சபை கூடி, பெண்ணை மணையில் உட்காரவைத்த பிறகுதான் பிரிக்கவேண்டும். முன்னாலேயே பிரித்தால் மாமன் குறைத்து வைத்திருப்பான் என்று சந்தேகப்பட்டதாக ஆகும், அதைவிட அவனைச் செருப்பால் அடித்துவிடலாம். எனவே ஊர் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மச்சான் வைத்து அனுப்பினான், இந்தப் பாவி முறைக்குக் கட்டுப்பட்டுத் திறந்து பார்க்காமல் தூக்கிவந்து மாட்டிக்கொண்டான். அதற்கு மேலும் ஒன்று. யாருடைய பெட்டி என்று அதிகாரிகள் கேட்டபோது வினோத்குமார் என்னுடையது என்று சொன்னான். கோர்ட்டிலும் அதையேதான் சொன்னான். உள்ளே இருந்தாலும் மச்சானைக் காட்டிக்கொடுக்காத மனுஷன் என்று ஊரில் அவன் மதிப்பு ஏறிப்போயிற்று. டீக்கடையில் அவனைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தினார்கள். தமிழ்ச்செல்வியைப் பற்றிப் பேசும்போது யாரும் தாழ்த்தவில்லை.

பத்து வருஷம் என்று தண்டனை விழுந்தது. ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டார்கள். வக்கீல் கிருத்திவாசன் உத்திரமேரூர் சன்னதித் தெருவில் பிறந்தவர், மெட்ராஸில் தொழில் நடத்துகிறார். பெருமாள் கோயில் உற்சவத்துக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சிட்டம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வாள். அப்பீல் வரிசையில் கிடக்கிறது, வரும்போது வரும் என்பார் அவர். கிழவி திரும்பி வந்து அன்றைக்கு முழுக்க மருமகளைத் திட்டுவாள்.

அந்தப் பங்குனியில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் தண்ணீர் சுண்டி நடுவில் குட்டை மாதிரி நின்றது. காலையில் ஆண்கள் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போக, பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து காயை ஆய்ந்தார்கள். ஆயும் வேலைக்குக் கை போதும், வாய் சும்மா இருக்கும். அதனால் ஊரில் நடக்கும் சண்டைகளில் பாதி கடலை ஆயும் இடத்தில்தான் பிறக்கும். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் யாரையும் பார்க்காமல், சில பெண்கள் பொறந்த வீட்டைக் காப்பாற்றப் புருஷனை ஜெயிலில் வைத்திருப்பார்கள் என்று சொன்னாள். தமிழ்ச்செல்வி கொத்திலிருந்து காயை உருவிக் கூடையில் போட்டாள். யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி பானையிலிருந்து கூழை மொண்டு எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தவள் தமிழ்ச்செல்வியைத் தாண்டிப் போய்விட்டு, ஞாபகம் வந்தவள் போலத் திரும்பி வந்து அரைச் சொம்பு ஊற்றினாள். கூழுக்குக் கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாய் அவள் வரைக்கும் வரவில்லை.

சிட்டம்மாள் வரப்பில் வேகமாக வந்தாள். வக்கீல் போன் பண்ணினாராம். கோர்ட்டின் கோடை லீவு முடிந்ததும் அப்பீல் விசாரணைக்கு வருகிறதாம். பெட்டியைக் கொடுத்தது இன்னார் என்று குடும்பத்தில் ஒருத்தர் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் கேஸுக்குப் பலமாக இருக்கும் என்றாராம். இதை அவள் மருமகளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னாள்.

"நீதான் எழுதிக் குடுக்கணும். எனுக்கு அவன் பெத்த புள்ள, நான் சொன்னா எடுபடாது. கூடப் பொறந்தவளே சொன்னாத்தான் ஜட்ஜு நம்புவாராம். இப்பவாவது சொல்லு, உனுக்குப் புருசன் வேணுமா அண்ணன் வேணுமா?"

ஆய்ந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.  அழுதால் அதையும் கணக்கில் வைப்பார்கள் என்பதால் தமிழ்ச்செல்வி அழவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாமே என்று மட்டும் சொன்னாள்.

"அவனாண்ட சொன்னா ஒத்துக்குவானா? மச்சான் பேர சொல்லமாட்டேன்னு தானே இத்தினி வருசமா உள்ள கெடக்கறான். அவனாண்ட மூச்சு வுடாதன்னு வக்கீலாண்டயும் சொல்லிட்டேன்."

கோவிந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வினோத்குமார் பேரைச் சொன்னால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். கோடை விடுமுறைக்குள் ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போனபோதும் வழக்கம் போலக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த போனைக் கிழவிதான் நேரம் முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி அவள் தோளுக்குப் பின்னால் நின்று புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பெட்டி யார் கொடுத்தது என்று அவள் ஒரு நாளும் அவனிடம் கேட்டதில்லை. கேட்கவேண்டிய கேள்வியாக அது வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணனை ஒரு தரம் பார்த்துவிடவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கொரோனா சமயத்தில் தாண்டவராயன் ஊர் திரும்பிவிட்டான். வாலாஜாபாத்தில் அரிசி மில்களுக்கு லோடு வண்டி ஓட்டுகிறான். வயலுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். மில் வாசலில் தவிட்டுத் தூசி பறந்துகொண்டிருந்தது. அண்ணன் மூட்டை ஏற்றி முடித்துத் தலையில் கட்டியிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். தங்கையைப் பார்த்ததும் அவன் முகம் மலரவில்லை. ஆனாலும் வீட்டுக்கு அழைத்துப் போனான். பூங்காவனம் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டியை உனக்கு அங்கே யார் கொடுத்தார்கள், அந்த ஆள் பேரை மட்டும் வக்கீலிடம் வந்து சொல், நீ தெரியாமல்தான் கொடுத்தாய் என்று நானே சொல்கிறேன், அவர் வெளியே வந்துவிடுவார் என்றாள். தாண்டவராயன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது.

"பொட்டி நான் குடுக்கவே இல்ல செல்வி. ஒரு கட்டப்பையில பட்டுப் பாவாடையும் கொலுசும் வெச்சுக் குடுத்தேன். எத்தினி தபா சொல்றது."

"கட்டப்பை எங்க போச்சு? புடிச்சது பொட்டி. பாவாடையும் கொலுசும் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருந்துச்சின்னு கேஸுலயே எழுதிக்கீது."

"அதைப் போய் உம் புருசன கேளு."

"அவுரு உம் பேர சொல்லாம உள்ள கீறாரு. நீ வெளிய லோடு ஓட்டிக்கினு கீற. அவுர கேக்கச் சொல்றியா நீ?"

சொன்ன பிறகு அவளுக்கே அந்தக் குரல் மாமியார் குரல் போலக் கேட்டது. தாண்டவராயன் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவள் குற்றம் என்று எடுத்துக்கொண்டாள். பூங்காவனம் தரையில் வைத்த சொம்பை அப்படியே எடுத்துத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள்.

"முடிவு பண்ணிக்கினுதான் வந்துகீற. போய் எழுதிக் குடு. இனிமே இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் சுட்டது. அண்ணன்மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு, ஆறு வருஷமாக மாமியார்மேல் வந்த வெறுப்பையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டிருந்தால் போதும். கூடப் பொறந்தவளிடம்கூடக் கட்டைப்பை கதை சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

வக்கீல் கிருத்திவாசன் சொல்லச் சொல்ல அவருடைய குமாஸ்தா டைப் அடித்தார். நடுவில் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அண்ணன் பெட்டியைக் கொடுத்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை, சீர் வருகிறது என்று போன் வந்தது என்றாள். பெட்டி என்று சொன்னார்களா என்று அடுத்த கேள்வி. தமிழ்ச்செல்வி யோசித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சிட்டம்மாள் முந்திக்கொண்டாள்.

"சீருன்னா பொட்டிலதான சாமி வரும். தூக்குச்சட்டியிலயா குடுத்து வுடுவாங்க?"

வக்கீல் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். "எழுதினதை அப்புறம் மாத்த முடியாதும்மா. நிச்சயமாத் தெரியும்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க."

"தெரியும் சார்," என்று அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு உண்மையாகவே தெரிந்துதான் இருந்தது.

அந்தப் பிரமாணத்தின் நகல் எதிர்த்தரப்புக்குப் போயிற்று. கோர்ட் அதைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள். ஆனி மாசத்தில் ஒரு காலை மில் வாசலில் லோடு வண்டியிலிருந்தே தாண்டவராயனை இறக்கிக் கூட்டிப்போனார்கள். விசாரணை என்றார்கள், பிறகு ரிமாண்ட் என்றார்கள். இந்த மாதிரி கேஸில் ஜாமீன் லேசில் கிடைக்காது என்பது தமிழ்ச்செல்வியின் வீட்டுக்குப் பாடம் மாதிரி தெரியும். பூங்காவனம் ஆட்டோ வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து இறங்கி, தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி வீட்டைப் பார்த்துத் தூற்றிவிட்டுப் போனாள். மண் தமிழ்ச்செல்வியின் தலையிலும் கதவிலும் விழுந்தது. சிட்டம்மாள் அன்றைக்குத்தான் மருமகளுக்கு முதல்முதலாகத் தன் கையால் குழம்பு ஊற்றினாள். கருவாட்டுக் குழம்பு. தமிழ்ச்செல்விக்கு இறங்கவில்லை.

ஆடி பிறந்த சூட்டோடு தீர்ப்பு வந்தது. விடுதலை. கோவிந்தம்மாள் தெருவில் வெடி வைத்தாள். வக்கீல் போனில் விளக்கிச் சொன்னதைத் திவ்யாதான் ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்கச் செய்தாள். காஞ்சிபுரத்தில் காலேஜ் படிக்கிற பெண், அவளுக்குத்தான் பாதியாவது புரியும். பொட்டலத்திலிருந்து சாம்பிள் எடுத்ததை மாஜிஸ்திரேட் முன்னால் எடுக்கவில்லையாம், பிடித்தவர்கள் தாங்களே எடுத்து அனுப்பிவிட்டார்களாம். அனுப்பிய எடையும் பரிசோதனைச் சாலையில் நிறுத்த எடையும் ஒத்துவரவில்லையாம். அதனால் அங்கே பரிசோதித்தது இந்தப் பெட்டியில் இருந்த பொருள்தான் என்று நிரூபணம் ஆகவில்லை, மீதியை ஆராயவேண்டிய அவசியமே இல்லை என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாராம்.

தமிழ்ச்செல்வி போன் பக்கமாகக் குனிந்து, நான் எழுதிக் கொடுத்தது என்று கேட்டாள்.

"அதைப் படிக்கவேண்டிய தேவையே வரலைம்மா. அதோட போட்ட மனுவை அப்படியே முடிச்சு வெச்சுட்டாங்க."

அப்படியானால் அண்ணன் என்று கேட்டாள். அது தனிக் கேஸ், அதை அவர்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். சுற்றி நின்றவர்களுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. தப்புப் பண்ணாதவனைச் சாமி கைவிட்டுவிடுமா என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜட்ஜ் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது திவ்யாவுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது.

வெளியே விட்ட நாள் ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகச் சிட்டம்மாளுக்கு வேண்டுதல், அதனால் அவள் வரமுடியவில்லை. தமிழ்ச்செல்வி தனியாகப் புழலுக்குப் போனாள். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. வினோத்குமார் ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தான். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்து, அம்மா வரலையா என்று கேட்டான். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தான். பூந்தமல்லியில் பஸ் மாறுவதற்கு முன்னால் நாஷ்டா பண்ணிக்கொள்ளலாம் என்றான். ஓட்டலில் இட்லியும் வடகறியும் வாங்கினான். தலையை நிமிர்த்தாமல் வேகமாகத் தின்றான்.

"உங்க அண்ணன் எப்பிடி கீறான்? ஊருக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். ஒரு தபா கூட வந்து பாக்கல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி கேட்டது, வக்கீல் எழுதியது, மில் வாசலில் அவனைப் பிடித்தது, பூங்காவனம் மண் தூற்றியது. உனக்காகத்தான் செய்தேன் என்பதை இரண்டு தரம் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"யாரு உன்ன எழுதிக் குடுக்கச் சொன்னது?"

"நீ எத்தினி வருசம் அவன் பேர சொல்லாம உள்ள கெடப்ப? எனுக்குப் பொறுக்கல."

"சொல்றதுக்கு இன்னா கீது. அவனுக்கு ஒண்ணியும் தெரியாது செல்வி." அவன் வடகறியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பொட்டி என்னுது. அங்க ஒருத்தன் குடுத்தான். இங்க வெளிய வந்தா ஒருத்தன் வாங்கிக்குவான்னான். ஒரே தபா, வந்ததும் நெலத்துல போர் போட்டுறலாம்னு பாத்தேன். உங்க அண்ணன் கட்டப்பையில குடுத்த துணிய எடுத்து மேல அடுக்கினேன். பொண்ணுக்கு வர சீருன்னா ரொம்பக் கெளற மாட்டாங்கன்னு நெனச்சேன்."

பக்கத்து மேஜையில் ஒருத்தர் இன்னொரு வடை கேட்டார். சர்வர் கொண்டுவந்து வைத்தார். தமிழ்ச்செல்விக்கு ஓட்டல் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"கோர்ட்டுல அப்பிடி சொல்லலியே நீ."

"மொதோ நாள்லேர்ந்து என்னுதுன்னுதான் சொல்லிக்கினு கீறேன். நீங்க யாரும் நம்பல. அம்மா நம்பல, ஊரு நம்பல. சீருப் பொட்டின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நான் இன்னா பண்றது?"

நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்று கேட்டாள். அவன் எழுந்து போய்க் கை கழுவினான். அவன் வருகிற வரைக்கும் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரை முற்றத்தில் கொட்டிய அண்ணி முகமும், துண்டால் முகம் துடைத்த அண்ணன் முகமும் மாறி மாறி வந்தன. அண்ணன் பொய் சொல்கிறான் என்று நினைத்தேனே, அவன் பேசாமல் நின்றதைக்கூட அவனுக்கு எதிராக எடுத்துக்கொண்டேனே என்று அவள் தன்னையே வைதுகொண்டாள்.

இப்படியே வக்கீலிடம் போகலாம், நீ ஒரு வார்த்தை சொல், அண்ணனை விட்டுவிடுவார்கள் என்றாள். வினோத்குமார் அவசரமாக அவளைக் கையமர்த்தினான். கவர்மெண்ட் டெல்லிக்கு அப்பீல் போகலாம், இதைச் சொன்னால் தன்னைத் திரும்பவும் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்றான். உன் அண்ணன் மேல் ஆதாரம் ஒன்றும் கிடையாது, தானாக விட்டுவிடுவார்கள் என்றான். எப்போது என்றாள். ஆகும் என்றான். எவ்வளவு நாள் ஆகும் என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

காஞ்சிபுரம் பஸ்ஸில் அவன் தூங்கிப்போனான். ராஜகுளம் தாண்டும்போது விழித்து, வயலில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான்.  மறுபடியும் தூங்கினான். அவள் தூங்கவில்லை. நாலு பேர் நடுவில் சொன்ன பழியை நாலு பேர் நடுவில்தான் இறக்கவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

வீட்டு வாசலில் கூட்டம். கோயிலில் கூழ் வாங்கித் தூக்குச்சட்டியோடு வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது. சிட்டம்மாள் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வா நைனா என்றாள். மகனைக் கண்ட சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். தட்டைச் சுற்றுவதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து, சீர் அனுப்பின மவராசன் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டான், என் பிள்ளை வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டான் என்றாள். கோவிந்தம்மாள் ஆமாம் போட்டாள்.

"அத்த, அது எங்க அண்ணன் பொட்டி இல்ல," என்றாள் தமிழ்ச்செல்வி. "உம் புள்ள பொட்டி. உள்ள இருந்தது இன்னான்னு தெரிஞ்சேதான் கொண்டாந்தாரு. காலைல அவுரு வாயாலயே சொன்னாரு."

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கூடப் பொறந்தவனைக் காப்பாற்ற ஜெயிலிலிருந்து வந்தவன் மேலேயே பழி போடுகிறாள், இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்றார்கள். கிழவி காறித் துப்பினாள். தமிழ்ச்செல்வி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திவ்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பன் விட்டுப் போனபோது அவள் அவன் இடுப்பு உயரம் இருந்தாள். இப்போது நேருக்கு நேர் நின்றாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. யாரு பொட்டி அது?"

ஆறு வருஷத்தில் இதே கேள்வியை அவனிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஏர்போர்ட்டில் கேட்டார்கள், கோர்ட்டில் கேட்டார்கள், ஒரு தரமும் அவன் பொய் சொல்லவில்லை. மகள் முகத்தைப் பார்த்தான். அம்மா கையில் இருந்த தட்டைப் பார்த்தான். சுற்றி நின்ற ஊரைப் பார்த்தான்.

"உங்க மாமன் குடுத்ததும்மா," என்றான்.

கூட்டம் மூச்சு விட்டது. சிட்டம்மாள் மகனுக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள். அவன் குனிந்து, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனான். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். திவ்யா மட்டும் படியில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எதை நம்புவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஆயா சிட்டம்மாள் கூப்பிட்டாள், அவளும் போய்விட்டாள்.

தமிழ்ச்செல்வி ரோட்டுக்கு வந்து வக்கீலுக்குப் போன் போட்டாள். நான் எழுதிக் கொடுத்தது பொய், அதைத் திரும்ப எழுதவேண்டும் என்றாள்.  அதற்குக் கிருத்திவாசன், இது உங்கள் மேலேயே கேஸாகத் திரும்பும், நான் உங்கள் வீட்டுக்காரருக்கு வக்கீல், இதில் உங்களுக்கு உதவமுடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்றார். சரி சார் என்று வைத்துவிட்டாள்.

வாலாஜாபாத் பஸ் கூட்டமாக வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூங்காவனம் கதவைத் திறக்கமாட்டாள், அது அவளுக்குத் தெரியும். திறக்காவிட்டால் தெருவில் நின்றே சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது, எங்கண்ணன் வூட்டுக்கு என்று சொல்லிவிட்டு, பிறகுதான் ஊர் பேரைச் சொன்னாள்.